பாய் குடித்த தண்ணீர்

பாய் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் குடிக்கும் படம் அது. குடிப்பதற்கு முன் பிஸ்மில்லா என்று முணுமுணுத்தார். அந்த நொடியில் படம் எடுக்கச் சொன்னவன் நான். மெட்ராஸில் இருந்த மக்கள் தொடர்பாளர் சங்கத்துக்கு அனுப்பிய அறிக்கையின் முதல் பக்கத்தில் அதைத்தான் ஒட்டினேன்.

எழுபதுகளின் தொடக்கம். அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டார்ச் ஆலையில் மக்கள் தொடர்பு உதவியாளனாக இருந்தேன். பேர்தான் பெரிது, வேலையோ மேனேஜருக்கு மாலை வாங்குவதும் பத்திரிகைக்காரர்களுக்குக் காபி வாங்குவதும். இதிலிருந்து கரையேற ஒரே வழி, அந்தச் சங்கம் தரும் தகுதிச் சான்று. எழுத்துத் தேர்வுக்குப் புத்தகங்களை உருப்போட்டு முடித்திருந்தேன். அதோடு, மக்களின் மனக்குறை ஒன்றைத் தீர்த்து நம்பிக்கை பெற்ற கதையைப் படங்களோடு அறிக்கையாகத் தர வேண்டும். குறையைத் தேடி நான் அலைய வேண்டியிருக்கவில்லை. மரவள்ளிக்கிழங்கு கழுவிய எங்கள் கழிவுநீர் கசிந்து, பக்கத்து ஊர்ப் பொதுக்கிணறு லேசாகப் புளித்துக் கிடந்தது. பெண்கள் குடத்தோடு ஒரு மைல் நடக்கத் தொடங்கியிருந்தார்கள்.

நம்மைப் பற்றி நாமே சொன்னால் எடுபடாது, ஊர் நம்பும் மூன்றாம் ஆள் சொல்ல வேண்டும் என்பது பாடம். அந்த ஊர் நம்பியது தையல்கார பாயை. நல்லம்பள்ளியிலிருந்து சைக்கிளில் வந்து, ரோட்டோரக் கடையில் தைத்துவிட்டுச் சாயங்காலம் திரும்புகிறவர். ரவிக்கையில் மிஞ்சிய விரலகலத் துணியைக்கூடச் சுருட்டிக் கொடுத்துவிடுவார். தையல்காரர்களில் அப்படி ஒருவரை நான் பிறகு பார்த்ததில்லை. "கெணத்தைத் தூர் வாரி சுண்ணாம்பு போட்டாச்சு பாய், ஒரு டம்ளர் குடிச்சுக் காட்டுங்க" என்றேன். தூர் வாரியது நிஜம். "நீங்க படிச்சவரு, சொன்னாச் சரியாத்தான் இருக்குமுங்க" என்று வந்துவிட்டார்.

அன்று காலையில் நான் அந்தத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்துத் துப்பியிருந்தேன். பாய் முகம் சுளித்தால் படம் போச்சு, அறிக்கையும் போச்சு. எல்லோர் கண்முன்னும் இறைத்த தண்ணீர் மேசைமேல் குடத்தில் இருந்தது. பாயின் டம்ளரை மட்டும் யாரும் கவனிக்காதபடி மேசைக்கடியில் வைத்திருந்த கூஜாவிலிருந்து நிரப்பினேன். அது ஆலை விருந்தினர் விடுதித் தண்ணீர். "நல்லாத்தான இருக்குது!" என்றார் பாய். கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன், வெட்கங்கெட்டவன்.

பாயே குடித்தாரே என்று, மிச்சப் புளிப்பையும் பொறுத்துக்கொண்டு பெண்கள் அந்தக் கிணற்றுக்கே திரும்பினார்கள். மாதம் முடிவதற்குள் வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு. நாலு குழந்தைகளைத் தருமபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், நல்லவேளை, பிழைத்துக்கொண்டன. ஆலையை யாராலும் அசைக்க முடியாது. கோபமெல்லாம் பாய்மேல் விழுந்தது. ஆலைக்காரனுக்கு விலைபோய்விட்டார் என்று பேச்சு. ஒருத்தரும் துணி கொடுக்க வராமல் கடையைக் காலி செய்தார். அதே வாரம் எனக்குச் சான்று வந்தது, அறிக்கையைத் தனியாகப் பாராட்டியிருந்தார்கள். அந்தக் காகிதத்தை வைத்துத்தான் முப்பது வருஷம் பெரிய கம்பெனிகளில் பிழைத்தேன். இன்றும் கல்லூரிகளில் கூப்பிட்டால் போய், இந்தத் தொழிலில் உண்மைதான் முதல் பாடம் என்று நாக்கூசாமல் பேசுகிறேன்.

கடையைக் காலி செய்த சில மாதங்களில், தருமபுரி பஸ் ஸ்டாண்டில் பாய் என்னைப் பார்த்து அவராகவே வந்தார். பாப்பிரெட்டிப்பட்டியில் மச்சானின் தையல் கடையில் பொத்தான் ஓட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஏனுங்க சார், அன்னிக்கி நான் குடிச்சது அந்தக் கெணத்துத் தண்ணிதானுங்களே?"

உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் அந்த ஊரில் மறுபடி தலை நிமிர்ந்து நின்றிருப்பார். என் வேலையும் சான்றும் போயிருக்கும்.

"அதேதான் பாய்" என்றேன்.

அவர் முகத்தில் கோபமே இல்லை. "அப்பிடீன்னா எனக்குத்தான் நாக்குச் செத்துப்போச்சு போலிருக்குதுங்க. பாவம், அந்தப் புள்ளைங்க. இன்னிக்கே அங்க போயி வூடு வூடா மன்னிப்புக் கேட்டுட்டு வந்துர்றனுங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். நான் தடுக்கவில்லை.