வேப்பமரத்தடியில் காய வைத்த நத்தைக்கல்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு பௌர்ணமியன்று காலை ஐந்தே முக்காலுக்குத் திண்டிவனத்தில் பஸ் ஏறினேன். மடியில் இரண்டு பல் பிரஷ், ஒரு கோணி ஊசி, ஒரு பழைய பனியன். பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்து, "ஆஸ்பத்திரிக்கா சார்?" என்றார்.

"இல்லைங்க, கல் வாங்கப் போறேன்."

செஞ்சி வந்ததும் அவர் வேறு இருக்கைக்கு மாறிக்கொண்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பல கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து, மண்ணில் புதைந்து, கல்லாகிப்போன உயிர்களைச் சேர்க்கும் பைத்தியம் எனக்கு. நாற்பத்தாறு வயதில் பிடித்தது. இந்தப் பயணம் வரை வீட்டு அலமாரியில் சேர்ந்தவை மூன்று. ஒன்று கல்லாகிய மரத் துண்டு. இன்னொன்று வெறும் கல். மூன்றாவது தார் உருண்டை என்பதை ஒரு சித்திரை வெயில்தான் உருக்கிக் காட்டியது. அப்படியிருக்க, திருவண்ணாமலையில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் காதர் பாய் அஞ்சலட்டை போட்டிருந்தார்: "அரியலூர்ப் பக்கம் ஒரு வீட்டுச் சாமானோடு ஒரு நத்தைக்கல் வந்திருக்கிறது. சுருள் சுருளாக வரி. சீக்கிரம் வரவும்." மூன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. யாராவது முந்திவிட்டால்? இந்த ஊர்களில் இதை வாங்கும் பைத்தியம் நான் ஒருவன்தான் என்பது பயத்துக்குத் தெரியுமா?

கீழ்பென்னாத்தூரில் பஸ் நிரம்பி வழிந்தது. மலை சுற்றப் போகும் கூட்டம். அறுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சத்தை முடித்து எட்டரைக்கு இறங்கினோம். கோயிலுக்குள் ஒரு கும்பிடு. திருநீற்றுப் பொட்டலம் சட்டைப் பையில். ஒன்பதரைக்கு பாய் கடை.

கல், கதவுக்கு முட்டுக் கொடுத்து நின்றது. உள்ளங்கையை விரித்த அகலம், சுருண்ட ஆட்டுக்கொம்பு போன்ற வடிவம். நத்தை என்பது ஊர் வைத்த பேர். உண்மையில் இது கடலில் நீந்திய பிராணி. எல்லாம் சரி, நிறம்தான் கிளிப்பச்சை.

"பாய், என்ன இது?"

"நான்தான் பெயிண்ட் அடிச்சேன் சார். பளபளன்னு இருந்தா ஜாஸ்திக்குப் போகும்னு பார்த்தேன்."

"உங்களால கம்மிக்குத்தான் போகும்."

பதினெட்டு ரூபாய் கேட்டார்; பெயிண்டுக்காக மூன்றைக் குறைத்தார். சுத்தம் செய்ய இடமும், ஒரு தகர டப்பாவில் மண்ணெண்ணெயும் இலவசம். ஒரு மணி நேரம் ஊறப்போட்டேன். பிறகு பிரஷ்ஷால் தேய்த்து, வரிகளுக்கு இடையில் கெட்டிப்பட்ட பச்சையையும் பழைய சுண்ணாம்பு மண்ணையும் கோணி ஊசியால் நெம்பினேன். ஊசி ஒருமுறை வழுக்கியபோது நான் அலறிய அலறலில் பாய் கையிலிருந்த டீ கொட்டியது. உடைந்தது என் நகம்தான். வரி வரியாக அது வெளியே வர வர, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை போல் அசட்டுச் சிரிப்பு என் முகத்தில் நின்றுவிட்டது.

சோப்பு போட்டுக் கழுவி, பனியனால் துடைத்தேன். "வெயில்ல வைக்காதீங்க, விரிசல் உடும்" என்றார் பாய். எதிரே வேப்பமரம், நல்ல நிழல். மண் ஒட்டக் கூடாதே என்று பக்கத்து இலைக்கடையில் ஒரு நுனி இலை வாங்கி, அதன்மேல் வைத்தேன். மெல்லிய வெள்ளைப் பொடி தூவினால் வரிகள் எடுப்பாகத் தெரியும் என்று எங்கோ படித்த ஞாபகம். என்னிடம் இருந்த ஒரே வெள்ளைப் பொடி சட்டைப் பையில் இருந்தது. தூவினேன். அழகாகத்தான் இருந்தது. பன்னிரண்டரைக்குச் சாப்பிடப் போனோம்.

ஒரு மணிக்குத் திரும்பினால், மரத்தடியில் பத்துப் பதினைந்து பேர். கல்லுக்கு மஞ்சள், குங்குமம், செவ்வரளி மாலை. முன்னால் ஒரு அகல் விளக்கு. ஈரக் கல், வேப்பமரம், நுனி இலை, திருநீறு, பௌர்ணமி. நானே திட்டம் போட்டுச் செய்திருந்தாலும் இவ்வளவு பொருத்தமாக வந்திருக்காது.

சாமியைத் திருடியவன் என்று என்னைத் தேர்ச் சக்கரத்தில் கட்டுவது வரை கற்பனை ஓடிவிட்டது.

"பாய், நீங்க போய் எடுத்துட்டு வாங்க."

"நானா? அந்த விளக்கை நான் தள்ளி வச்சா நல்லாவா சார் இருக்கும்? உங்க கல்லு, உங்க துன்னூறு. நீங்களே போங்க."

போனேன். தைரியம் வரட்டும் என்று மரத்தை மூன்று சுற்றுச் சுற்றினேன். எனக்குப் பின்னால் நான்கு பேர் சுற்ற ஆரம்பித்ததுதான் மிச்சம். கடைசியில், விளக்கேற்றிய அம்மாளின் பக்கத்தில் குந்தினேன். கீழ்பென்னாத்தூரில் என் பஸ்ஸில் ஏறியவர்; மடியில் வேர்க்கடலை மூட்டையோடு வந்தவர்.

"அம்மா... இந்தக் கல்லு... வந்து... என்னுதுங்க."

"தெரியுமே. பாய் கடைக் கல்லுதானே? போன பௌர்ணமிக்குக் கதவாண்ட பச்சையா கிடந்துச்சு. நீதானே குளிப்பாட்டினே?"

"தெரிஞ்சேவா கும்பிட்டீங்க?"

"அதுக்கின்னா? குளிச்சு, துன்னூறு பூசி, இலை போட்டு உக்காந்திருக்குது. பார்த்துட்டு சும்மா போறதா? உன்னுதுன்னா எட்த்துக்கினு போ. விளக்கு மலையேறட்டும். அப்புறம் இடத்தை வெறுமனே உடாதே, இன்னொரு கல்லு வை."

விளக்கு ஒன்றரை வரை எரிந்தது. மீதிக் கால் மணி நேரமும் நான் கையைக் கூப்பியபடியே இருந்தேன், நடிப்பாகத்தான் தொடங்கினேன். பிறகு பாய் தன் கடையிலேயே தேடி, கதவுக்குப் புதிதாக முட்டுக் கொடுத்திருந்த உருண்டைக் கல்லைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். "என் கதவு ஆடிட்டு நிக்குது சார்" என்று முணுமுணுத்தார், சிரித்தார். நான் அதை இலைமேல் வைத்தேன். அம்மாள் மாலையை அதற்கு மாற்றினார். என் கல்லை இரண்டு கையாலும் எடுத்து, ஒரு பிடி வேர்க்கடலையும் சேர்த்துக் கொடுத்தார்.

மூன்று மணி பஸ்ஸில் கல் என் கையில் இருந்தது. குங்குமத்தைப் பார்த்த கண்டக்டர், நின்றுகொண்டிருந்த எனக்கு ஜன்னலோர இருக்கை பிடித்துக் கொடுத்தார். அது சாமியில்லை என்று திண்டிவனம் வரை சொல்லவே மனம் வரவில்லை.

வீட்டில் பிரஷ் வைத்து எவ்வளவு தேய்த்தும், உள் சுருளில் ஒரு வரிக் குங்குமம் மட்டும் போகவில்லை. தேய்ப்பதை நிறுத்திவிட்டேன். அலமாரியில் தார் உருண்டை இருந்த இடத்தில் வைத்து, சீட்டு எழுதி ஒட்டினேன்: வயது, சுமார் பத்துக் கோடி ஆண்டு. அதில் கடலில் சில காலம், மண்ணில் நெடுங்காலம், கதவோரம் ஒரு மாதம். திருவண்ணாமலையில் சாமியாக, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி.