நாய்க்கு வைத்த பேர்

பக்கத்து வளவு ராஜராஜேஸ்வரியைப் பற்றி யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வரும். அவளைப் போல ஒரு வாயில்லாப் பூச்சி இந்தப் புங்குடுதீவிலேயே இல்லை. தாய் செத்த பிறகு தங்கச்சி கஜானியை வளர்த்தது அவள். தன் கலியாணத்துக்கென்று கிடந்த நகையெல்லாம் தங்கச்சியின் கழுத்துக்குப் போயிற்று. வீட்டையும் சீதனமாக அவளுக்கே எழுதிக் கொடுத்தார்கள். கஜானி பிரான்ஸுக்குப் போய்விட்டாள். இவள் ஐம்பது வயதில், பிறந்த வீட்டிலேயே காவல்காரியாக இருந்தாள்.

போன மாரியில் குறிகட்டுவான் இறங்குதுறையில் யாரோ விட்டுவிட்டுப் போன பெட்டை நாய்க்குட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். அதற்குத் தேனுகா என்று பேர் வைத்தாள்.

"உமக்கென்ன விசரே? நாய்க்கு ஆரும் இப்பிடிப் பேர் வைப்பினமே? ஜிம்மி, ரொமி எண்டு ஏதும் வையுமன்" என்றேன்.

"எனக்கொரு பொம்பிளைப்பிள்ளை பிறந்தால் வைக்கவெண்டு நினைச்சு வைச்ச பேர், அக்கா. இனி ஆருக்கு வைக்கிறது?"

அதற்குப் பிறகு நானும் தேனுகா என்றுதான் கூப்பிட்டேன்.

பிறகு கஜானிக்குப் பெண்குழந்தை பிறந்தது. ஒருநாள் வட்ஸ்அப்பில் கதைத்துக்கொண்டிருந்தபோது, இவள் குட்டியைக் கூப்பிட்டது அவளுக்குக் கேட்டுவிட்டது. அடுத்த நாளே போன் எடுத்தாள்.

"அக்கா, வடிவான பேர். எண் சாத்திரமும் பாத்தாச்சு, நல்லாப் பொருந்துது. பிள்ளைக்கு அதையே வைக்கப்போறம். நாய்க்கு வேறை ஏதும் வையுங்கோ."

"அது நான் ஆசையா வைச்ச பேரெல்லே..."

"நாய்க்குத்தானே அக்கா வைச்சனீங்கள்!"

இவள் "ஓம்" என்றுவிட்டாள். பக்கத்தில் நின்ற எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஏலாதென்று சொல்ல உமக்கு வாயில்லையா என்று ஏசினேன். அவள் முற்றத்துக்குப் போய், குட்டியைப் பார்த்து "ஜிம்மி" என்றாள். அது திரும்பியும் பார்க்காமல் காகத்தைத் துரத்திக்கொண்டு ஓடியது.

முப்பத்தோராம் நாள் அங்கே பேர்வைப்பு. பெரியம்மாதான் முதலில் மூன்று தரம் கூப்பிட வேண்டும் என்று கஜானி வீடியோவில் அழைத்தாள். மண்டபம் நிறைய ஆட்கள், பட்டுச்சேலை, பெரிய கேக். போனை எல்லாரும் பார்க்கத் திருப்பிக் குழந்தையின் பக்கத்தில் பிடித்தார்கள். ராஜராஜேஸ்வரி நல்ல சேலை உடுத்துக் கதிரையில் நிமிர்ந்து இருந்தாள்; நான் பின்னால் நின்றேன்.

"தேனுகா" என்றாள். "தேனுகா."

மூன்றாம் தரம் வாய் திறப்பதற்குள், கிணற்றடியில் கிடந்த குட்டி பாய்ந்து வந்து அவள் மடியில் ஏறி முகத்தை நக்கத் தொடங்கியது. மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. கஜானி சிரிக்கவில்லை.

"சீ! உந்தச் சனியனுக்கு இன்னும் அந்தப் பேரே? நாளைக்கே எங்கையாவது கொண்டுபோய் விடுங்கோ. என்ரை வீட்டிலை உது இருக்கக்கூடாது."

ராஜராஜேஸ்வரி குட்டியை இறக்கிவிடவில்லை.

"நான் கூப்பிட்டவுடனை ஓடிவந்தது இது ஒண்டுதான், கஜானி. உன்ரை வீட்டை நீயே வைச்சிரு."

போனைக் கவிழ்த்து வைத்தாள். அறைக்குள் போய் அலுமாரியைத் திறந்து சாமான் எடுக்கத் தொடங்கினாள். நானும் உதவிக்குப் போனேன். நல்லதாக இருந்ததெல்லாம் கஜானியுடையது. ஐம்பது வருசம் இருந்த வீட்டில், அவளுடையது என்று எடுத்து வைக்க ஒரு பையும் நிரம்பவில்லை.