அரைக் கட்டத்தில் போட்ட கோடு

என் தம்பி பிங்-யாவ் மூன்று நாட்களாக ஒரே காரியத்தைச் செய்துகொண்டிருந்தான். மின்சுற்றுப் பலகைக்கு மின்சாரம் கொடுப்பான். ஒரு நேரத்தைப் பதிவுசெய்வான். மின்சாரத்தை நிறுத்தி மறுபடி கொடுப்பான். சில பலகைகள் அந்த நேரத்தை நினைவில் வைத்திருந்தன. சில மறந்துவிட்டன.

சோங்ஹே நகரில், ஆறாவது மாடியில் எங்கள் நிறுவனம். மீன்குளங்களில் தண்ணீருக்குக் காற்றூட்டும் துடுப்புச் சக்கரத்தைச் சுற்றவைக்கும் பலகைகள் செய்கிறோம். அவற்றுக்குள் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தை அமைப்பவன் தம்பி. நான் பூதக்கண்ணாடிக்குக் கீழே பற்றவைப்பைச் சரிபார்ப்பவள். நடுநிலைப் பள்ளியோடு நின்றவள். அவன் பட்டம் வாங்கிய படம் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் யாரும் அதைப் பார்க்காமல் தப்ப முடியாது.

பலகை நேரத்தை மறந்தால், மின்தடைக்குப் பிறகு சக்கரம் சும்மா நிற்கும், மீன்கள் செத்து மிதக்கும். எங்கள் ஊரான கோவ்ஹுவில் அப்பாவுக்கே இரண்டு குளங்கள் உண்டு.

புதன்கிழமை சிங்மிங், கல்லறை துடைக்கும் நாள். அம்மா இறந்துபோன பிறகு வந்த முதல் சிங்மிங்குக்கு அவன் வரவில்லை. அப்போதும் ஏதோ பலகை வேலைதான். இந்த வருடம் செவ்வாய் மதியப் பேருந்துக்கு அவனே எனக்கும் சேர்த்துச் சீட்டு எடுத்திருந்தான்.

செவ்வாய் காலை அவன் பக்கத்தில் சோயாப்பால் ஆறிக் கிடந்தது. மேலாளர் துவான் எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, மறதிக்கு மருந்து கெடச்சுதா? இல்ல நீயும் மறந்துட்டியா?"

தம்பி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் போனதும் திரையைத் தொட்டுக் காட்டினான்.

"அக்கா, இந்த வரியப் பாரு."

"இங்கிலீஷ்ல இருக்கறத எங்கிட்ட காட்டறியே, உனக்குத் தூக்கம் பத்தலடா."

"மூணு நாளா இது என் மூக்குக்கு முன்னாடி ஓடிட்டு இருந்திருக்கு. கண்ணு திறந்துதான் இருந்துச்சு."

பலகையின் நினைவகச் சில்லு ஒன்றுதான். அதை அவன் நான்கு அறைகளாகப் பிரித்திருந்தான்: விழித்தெழ ஒன்று, லினக்ஸுக்கு ஒன்று, எங்கள் நிரலுக்கு ஒன்று, கடைசியாக நேரத்தைப் பதிந்துவைக்கச் சின்னதாக ஒன்று. சில்லில் ஒரு எழுத்தை மட்டும் அழிக்க முடியாது; ஒரு கட்டத்தை மொத்தமாகத்தான் அழிக்க முடியும். தை மாதக் குளிரில் நிரல் பெருத்துப்போனபோது, இடம் போதாமல் அறைக்கோட்டைக் கொஞ்சம் நகர்த்தியிருந்தான். பழைய சில்லில் கட்டங்கள் சிறியவை, கோடு சரியாக விளிம்பில் விழுந்தது. இடையில் வந்த புதிய சில்லில் கட்டங்கள் பெரியவை, கோடு ஒரு கட்டத்தின் நடுவில் விழுந்தது. அழித்தால் பக்கத்து அறையும் போய்விடும் என்று லினக்ஸ் கடைசி அறையைப் பூட்டிவிட்டது. படிக்கலாம், எழுத முடியாது.

"எந்தெந்தப் பலகையில புதுச் சில்லுன்னு இப்ப எப்படிக் கண்டுபிடிக்கறது? மூடியெல்லாம் போட்டாச்சே."

நான் என் நோட்டைத் திறந்தேன். மார்ச் பதினெட்டு, சில்லுகள் வரும் மூன்றாவது சுருளிலிருந்து, சில்லின் மேல் அச்சிட்ட எண்ணின் கடைசி எழுத்து வேறு. கேட்டதற்கு, எல்லாம் ஒன்றுதான் என்று கொள்முதல் பிரிவில் சொல்லியிருந்தார்கள். சரி என்றேன், ஆனாலும் குறித்துவைத்தேன். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பலகைகள்.

திரும்பி வந்து விஷயத்தைக் கேட்ட துவானின் முகம் தெளிந்தது.

"அப்ப கொள்முதல்காரங்க தப்பு! அவங்க அப்படின்னு எழுதிக் குடுத்தா, பலகை ஏத்த நாளைக்கு வர்ற லாரிய அடுத்த வாரத்துக்குத் தள்ளிடலாம். நீ பஸ்ஸப் பிடி, ஓடு."

தம்பி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று பத்து. பேருந்து ஒரு மணிக்கு.

"கோட்ட அங்க போட்டது நான்தான், சார். பழைய சில்லு பொறுத்துக்கிச்சு, அவ்வளவுதான்."

"யாரு உன்னக் கேட்டா?"

"நாளைக்கு சாயங்காலம் லாரிக்கு முடிச்சுடறேன்."

துவான் என்னைப் பார்த்தார், இவனுக்குப் பைத்தியமா என்பதுபோல.

தாழ்வாரத்துக்குப் போய் அப்பாவைப் போனில் அழைத்தேன்.

"நாங்க வியாழக்கிழமைதான் வருவோம்பா."

"ரெண்டு பேருமா?"

"அவன் தனியா இருநூறு பலகைய எப்படிப்பா பாப்பான்?"

அப்பா சொன்னார்: "உங்கம்மா எங்க எழுந்து போகப்போறா? மெதுவா வாங்க."

செவ்வாய் முழுக்க அவன் அறைகளைத் திரும்ப அளந்து, ஒவ்வொரு கோட்டையும் பெரிய கட்டத்தின் விளிம்புக்குக் கொண்டுபோனான். நிரலில் தேவையில்லாததை வெட்டினான். புதன்கிழமை விடுமுறை, மாடியில் எங்களைத் தவிர யாருமில்லை. ஒரு தடவைக்கு இரண்டு பலகைகள், நான்கு நிமிடம். நான் மூடி திறந்து கவ்விகளை மாட்டினேன். அவன் எழுதினான், மின்சாரத்தை நிறுத்தினான், கொடுத்தான். "ஞாபகம் இருக்கு" என்று அவன் சொன்னதும் நான் நோட்டில் ஒரு கோடிட்டேன். நூறு தாண்டிய பிறகு அவன் அதைச் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினான். ஐந்தே காலுக்குக் கடைசிப் பலகை முடிந்தது. லாரி ஐந்தரைக்கு வந்தது.

வியாழன் பேருந்தில் ஏறியவன் கோவ்ஹு வரைக்கும் கண் திறக்கவில்லை.

கல்லறையில் அப்பா புதன்கிழமையே புல் பிடுங்கியிருந்தார். கல்லுக்கு அடியில் சடங்குக்காகச் செருகிய மஞ்சள் காகிதம் மழையில் நனைந்து வெளுத்திருந்தது. இடது ஓரத்தில் மட்டும், ஒரு பாய் அகலத்துக்கு, புல் முழங்கால் உயரம் நின்றது.

"அது உன் பங்கு," என்றார் அப்பா, தம்பியைப் பார்க்காமல்.

அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குந்தினான்.