பெரியம்மா மகனின் கட்டம்

என் தங்கைக்குத் தோல்தான் பகை. மற்றபடி எங்கள் தெருவிலேயே பெரிய வாயாடி அவள்தான். பாவாடை நாடா உரசினாலும் கொப்புளம் கிளம்பும். உடைந்தால் சதை தெரியும். அக்கி என்று நினைத்து, பானை வனையும் வேளாரிடம் கொண்டுபோய்க் கோழி இறகால் காவி எழுதவைத்தார்கள். இறகு பட்ட இடமெல்லாம் புதுக் கொப்புளம் கிளம்பியதுதான் மிச்சம்.

எனக்கு ஒன்பது வயது. மதுரை டாக்டர்களும் வெளிநாட்டு டாக்டர்களும் சேர்ந்து குழந்தைகளின் தோல் நோய்களை ஆராய்கிறார்கள், திருச்சுழியில் முகாம் என்று நர்ஸம்மா வந்து சொன்னார். அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். மடியில் வாழையிலை விரித்து அதன்மேல்தான் தங்கையை உட்காரவைத்திருந்தாள்.

மதுரை டாக்டரம்மா ஒரு தாளில் எங்கள் குடும்பத்தை வரைந்தார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், நோய் இருந்தால் உள்ளே மை. தங்கையின் வட்டத்தில் மட்டும் மை அடைத்துவிட்டு, சொந்தத்தில் வேறு பிள்ளைக்கு இப்படி இருந்ததா என்று கேட்டார். யாருக்கும் இல்லை என்றாள் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவும் பந்தல்குடிப் பெரியம்மாவும் தங்கள் அத்தை மகன்களுக்கே வாக்கப்பட்டவர்கள். பெரியம்மாவின் மகன் இதே தோலோடு பிறந்து, நடக்கும் முன்பே போய்ச்சேர்ந்தான். ஊருக்குச் சளிக்காய்ச்சல் என்று சொல்லியிருந்தார்கள்.

ஒரே குடும்பத்தில் இரண்டு பேருக்கு இருந்தால்தான் இந்த ஆராய்ச்சியில் சேர்க்க முடியும், சேர்த்தால் மாதாமாதம் ஆள் வந்து புண்ணில் ஒட்டாத துணியால் கட்டுப்போடுவார்கள் என்றார் டாக்டரம்மா.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. தவறிப்போன பிள்ளைனாலும் சரி."

அம்மா தங்கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கேள்வி முடியும் முன்பே கை தூக்குகிற பிள்ளை நான். அன்று அந்தப் பார்வைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

"இல்ல டாக்டரம்மா. எங்க வகையில அப்படி யாருமே இல்ல."

ஒரு களிம்போடு திரும்பினோம். ஏன் பொய் சொன்னாய் என்று பஸ்ஸில் கேட்டேன். அம்மா முந்தானையால் தங்கைக்கு விசிறிக்கொண்டே வந்தாள். அடுத்த கோடையில் புண் சீழ்வைத்துத் தங்கை போய்விட்டாள். அவளைப் பெற்றதை மானக்கேடாக நினைத்துத்தான் அம்மா மறைத்தாள் என்று பல வருஷம் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மல்லாங்கிணற்றிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைத் தொடும் முன் தங்கையைப் பற்றித்தான் கேட்டார்கள்.

"அந்தப் பிள்ளைக்கு மட்டுந்தானே? உங்க வகையில வேற யாருக்கும் இல்லையே?"

ஒரு பிள்ளைக்கு வந்தால் விதி என்பார்கள்; இரண்டுக்கு வந்தால் ரத்தம் என்பார்கள். ரத்தத்தில் நோய் ஓடுகிற வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள். அன்று முகாமில் சொல்லியிருந்தால் நர்ஸம்மா வழியாக ஊருக்கே தெரிந்திருக்கும். எனக்குக் கல்யாணம் ஆயிற்று.

திருச்சுழியில் அன்று அம்மாவுக்கு இரண்டு மகள்கள் இருந்தோம். ஒருத்தியைத்தான் காப்பாற்ற முடியும் என்று நினைத்திருக்கிறாள். அவள் காப்பாற்றியது என்னை.