பதினொன்றில் இரண்டு

தேசிய ரிசர்வ் கால்பந்து அணி வெளிநாட்டில் பதினொன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றதைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. "பதினொண்ணுல ரெண்டு என்னுது."

அவர் ஆட்டக்காரர் அல்ல. அணியின் துணிமணிக்கும் சாமான்களுக்கும் பொறுப்பாளர். துவைப்பார், காயவைப்பார், அடுக்குவார், சுமப்பார். ஆட்டக்காரர்கள் வைத்த பெயர் மூட்டை. நாளடைவில் சங்கத்துச் செயலாளரே ஆள் அனுப்பும்போது "மூட்டையக் கூப்பிடு" என்றுதான் சொல்வார்.

சென்ற மாதம், அறுபத்தொன்பதாம் வயதில், காலை ஆறு பத்துக்கு மூட்டை இறந்தார். கடைசியாகப் போட்டிருந்த சட்டை இன்னும் கூடையில் கிடக்கிறது. துவைக்க வீட்டில் யாருக்கும் கை வரவில்லை.

கால்பந்துச் சங்கத்துக்கு வருமுன் பதினான்கு வருடம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருந்தவர். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர், மருந்துக் கறைக்கு வெந்நீர், எதற்கும் அவசரப்படாமல் ஊறவைத்தல் என்பதெல்லாம் அங்கே கைவந்தவை. மைதானத்துக்கு வந்தபின் புல் கறையும் சேற்றுக் கறையும் சேர்ந்தன. ஆட்டத்தைப் பார்க்காமலே சட்டையைப் பார்த்து ஆட்டத்தைச் சொல்வார். ஒருமுறை அணித்தலைவரின் சட்டையை எல்லார் முன்னாலும் தூக்கிப் பிடித்து, "தலைவரே, இதை அப்படியே மடிச்சு வச்சிரவா? வேர்வைகூட இல்லையே" என்றார். அறையே அதிர்ந்தது. அடுத்த ஆட்டத்தில் தலைவர் தேவையில்லாத இடத்தில் எல்லாம் விழுந்து புரண்டார்.

வீடு மூன்றாம் மாடியில், இரண்டு அறை. பால்கனியின் நான்கு கொடிகளிலும் எப்போதும் நம்பர் போட்ட சட்டைகள் தொங்கும். மனைவி மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களிடம், "மூட்டைக்கு வாழ்க்கைப்பட்டவ நான். எங்க உக்காரச் சொல்றது? நீங்களே ஒரு இடம் பாத்துக்குங்க" என்பாள். ஒரே மகள் ரப்பர் பெல்ட் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை செய்தாள். இழுத்துப் பார்ப்பது, தேய்த்துப் பார்ப்பது, வரும் எண்களைக் குறிப்பது அவள் வேலை.

அந்தப் பயணத்தின்போது மூட்டைக்கு வயது நாற்பத்தெட்டு. முதல் கோல் கீப்பருக்கு விரல் முறிந்திருந்தது. அதனால் நெட்டைக்கு வாய்ப்பு வந்தது. நெட்டை பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிறவன், முப்பத்திரண்டு வயது. ஆறு வருடமாக மாற்று கீப்பர். தேசியச் சட்டை போட்டு ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை. "பெஞ்சு தேஞ்சிருக்கு பாருங்க, அதுதான் நான் ஆடின ஆட்டம்" என்று தன்னையே கேலி செய்துகொள்வான்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு புதுக் கையுறை ஒரு ஜோடி வந்தது. ஒட்டிய உறைக்குள், வெள்ளை வெளேர் என்று. நெட்டை சாமான் அறைக்கே வந்துவிட்டான்.

"மூட்டைண்ணே, ஒரு தடவை போட்டுப் பாக்கறேன்."

"கையை எடு. அழுக்காக்கிருவ."

"கைக்குப் பத்துதான்னு தெரிய வேணாமா?"

"உன் கை அளவு எனக்குத் தெரியும். ஆறு வருஷம் காத்திருந்திருக்க. அன்னிக்கு மைதானத்துலதான் உறையப் பிரிக்கணும். மொத தடவை, புத்தம்புதுசா."

"நீங்க என்னண்ணே, மாப்பிள்ளைய அலங்கரிக்கிற மாதிரி பேசறீங்க!"

"மாப்பிள்ளைதானடா. ஒடம்பப் பாத்துக்க."

சாமான் கட்டும் நாளில் மூட்டை இரண்டு பைகளையும் எடை போட்டார். விமானத்தில் ஒரு பைக்கு இருபத்து மூன்று கிலோ. இரண்டாவது பை முந்நூறு கிராம் கூடியிருந்தது. துழாவித் தேடி, நெட்டையின் பழைய கையுறையை வெளியே எடுத்துவைத்தார். ஒட்டுப் போட்ட கையுறை. புதுசு இருக்கும்போது அது எதற்கு?

ஆட்டம் மதியம் மூன்று மணிக்கு. நெட்டை உறையைப் பிரித்தான், கையுறையை மாட்டினான், இரண்டு கையையும் தட்டி மூட்டையைப் பார்த்துச் சிரித்தான். ஆறாவது நிமிடம். எதிரணிக்காரன் தூரத்திலிருந்து அடித்தான், வேகமே இல்லாத அடி. பந்து நேராக நெட்டையின் நெஞ்சுக்கு வந்தது, கைக்குள் வந்தது, சோப்புக்கட்டி போல நழுவிக் காலுக்கிடையில் உருண்டு கோட்டைத் தாண்டியது. கூட்டம் முதலில் சிரித்தது, பிறகுதான் கத்தியது.

இடைவேளைக்குள் ஐந்து விழுந்தன. அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. தண்ணீர் கொடுக்கப் போன மூட்டையிடம் நெட்டை மெதுவாகக் கேட்டான்.

"பழசு இருக்காண்ணே?"

"இல்லடா. ஊர்லயே எடுத்து வச்சிட்டேன்."

"சரி விடுங்க."

இரண்டாம் பாதியில் நெட்டை எதையும் பிடிக்க முயலவில்லை. குத்தித் தள்ளினான், தள்ளியதெல்லாம் எதிரணியின் காலுக்கே போனது. இன்னும் ஆறு.

மறுநாள் காலை விடுதியின் சலவை அறையில் சட்டைகளைப் பிரித்தபோது கையுறையின் உறையும் பைக்குள் கிடந்தது. உள்ளே நாலாக மடித்த சீட்டு ஒன்று இருந்தது. எழுத்துத் தெரியாதவனுக்கும் புரியும்படி படம் போட்டிருந்தார்கள். குழாய், அதன்கீழ் கையுறை, பக்கத்தில் மூன்று என்ற எண். முதல் தடவை அணியும் முன் வெதுவெதுப்பான நீரில் மூன்று முறை அலச வேண்டும். கெடாமலிருக்க மேலே தடவிய பூச்சு போனால்தான் பிடிப்பு வரும்.

வாழ்நாளெல்லாம் துவைத்த மனிதர் துவைக்காமல் விட்டது அந்த ஒன்றைத்தான். துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் கையூன்றி வெகுநேரம் நின்றார். அது சுற்றி முடித்து நின்ற பிறகும் நின்றார்.

ஊர் திரும்பியபோது பத்திரிகைகளில் படம் வந்திருந்தது. நெட்டையின் கையிலிருந்து பந்து நழுவும் அந்த ஆறாவது நிமிடப் படம். எல்லாப் பத்திரிகையிலும் அதே படம். இரண்டாம் நாள் மேனேஜர் சாமான் அறைக்குள் தலையை நீட்டி, "ஒண்ணாம் நம்பர் சட்டைய எடுத்து வை மூட்டை. வேற ஆளுக்குக் குடுக்கணும். வியாழக்கிழமை கமிட்டி கூடி முடிவு பண்ணிருவாங்க" என்றார். நெட்டைக்கே தெரியாத செய்தி மூட்டைக்கு முதலில் தெரிந்தது. சட்டையை வைத்திருப்பவர் அவர்தானே.

அன்று மாலை மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் மாத்திரைப் பட்டைகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"யாராச்சும் உங்களக் கேட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப வாய மூடிக்கிட்டு இருக்கணும். வேலை போச்சுன்னா?"

"இருந்துட்டா, அவன் போயிருவானே."

அவள் பட்டைகளை அப்படியே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

கையுறைகளை மகளிடம் கொடுத்தார். "ஒண்ண அலசினேன், ஒண்ண அப்படியே விட்டுட்டேன். நெசமாவே வித்தியாசம் இருக்கா பாரு. எனக்காக ஏத்திச் சொல்லாத, எறக்கியும் சொல்லாத."

மகள் தொழிற்சாலையில் கையுறையின் உள்ளங்கைப் பக்கத்தைப் பலகையில் பொருத்தி, மேலே பழைய கால்பந்தின் தோலை வைத்து, அதன்மேல் இரண்டு கிலோ எடையை ஏற்றி இழுத்துப் பார்த்தாள். மூன்று முறை. அலசியதன் பிடிப்பு புள்ளி எட்டு மூன்று, அலசாதது புள்ளி நாலு ஆறு.

"அலசாதது ஒரு ஆட்டம் தேஞ்ச பெறகே இவ்வளவுதாம்ப்பா. ஆடறதுக்கு முன்னால இன்னும் கம்மியா இருந்திருக்கும்."

"அப்ப பதினொண்ணும் என்னாலதான்."

"கையுறையப் பத்திதான் என்னால சொல்ல முடியும். கோலப் பத்திச் சொல்ல முடியாது."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்தது. அவள் எழுதித் தந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுநாள் டிப்போவுக்குப் போனார்.

நெட்டை ஒரு பஸ்ஸுக்கடியில் உட்கார்ந்து சக்கரத்தின் நட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்தவன் கத்தினான்: "பாத்துடா, டயரும் கைய விட்டுப் போயிரப் போகுது!" நெட்டை சிரித்தான். ஆனால் கண் சிரிக்கவில்லை. மூட்டை அங்கேயே, கிரீஸ் தரையிலேயே குந்தி, சீட்டைக் காட்டினார், மகளின் தாளைக் காட்டினார், எல்லாம் சொன்னார். நெட்டை ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"அண்ணே, கையுறை வழுக்கணும்னா பந்து மொதல்ல கையில படணும். பதினொண்ணுல என் கையில பட்டு வழுக்கிப் போனது எத்தனை?"

மூட்டை விரல்விட்டு யோசித்தார். "ஆறாவது நிமிஷம். அப்புறம்... எடைவேளைக்கு முன்னால அந்த கார்னர் அடி."

"ரெண்டு. மிச்ச ஒம்போதும் காத்துல போச்சு. காத்தையும் நீங்கதான் தொவைக்கணுமா?"

அவரால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. நெட்டையும் சிரித்தான். பிறகு சீட்டைத் திரும்ப வாங்கி, அந்தக் குழாய்ப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"மொதலாவது போனதுலேருந்து என் கை எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருந்துச்சுண்ணே. ஆறு வருஷமா வெளிய உக்காந்து, நானும் பெரிய கீப்பர்னு நெனச்சிட்டிருந்தேன், கடைசியில எனக்குக் கையே இல்லடான்னு தோணிருச்சு. இப்ப வீட்ல தண்ணி டம்ளர் எடுக்கறப்பகூட..." நிறுத்தினான். "அப்ப என் கை சரியாத்தான் இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்துச்சுடா."

"யார்கிட்டயும் சொல்லாதீங்க. உங்க வேலைக்கு ஆபத்து. எனக்குத் தெரிஞ்சதே போதும்."

"உனக்குப் போதும்," என்று எழுந்தார் மூட்டை. "எனக்குப் போதாது."

வியாழக்கிழமை அழைப்பில்லாமல் கமிட்டி அறைக்குள் நுழைந்து, நடந்ததைத் தானே எழுதிய அரைப்பக்கக் கடிதத்தைச் செயலாளர்முன் வைத்தார். செயலாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"என்னய்யா இது, சலவைச் சீட்டா?"

"ஆமா சார். தொவைக்காம விட்ட சீட்டு."

"பதினோரு கோலுக்கும் ஒரு ஜோடி கையுறைதான் காரணம்னு ஊர்ல போய்ச் சொல்லச் சொல்றியா?"

"ரெண்டுக்குத்தான் சார். மிச்ச ஒம்போதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அன்னிக்குப் பதினோரு பேர் எறங்கினாங்க, அவங்களையும் கேளுங்க." மேசைமேல் கிடந்த பத்திரிகையைத் தொட்டுக் காட்டினார். "ஆனா நீங்க எந்தப் படத்தப் பாத்து அவனைத் தூக்கறீங்களோ, அது அந்த ரெண்டுல ஒண்ணு."

மேனேஜர் கூரையைப் பார்த்தார். பேச்சு ஒரு மணி நேரம் இழுத்தது. முடிவில் நெட்டைக்கு இன்னும் ஒரு ஆட்டம் என்றார்கள். மூட்டை ஒரு வருடத்துக்கு அணியோடு பயணம் போகக்கூடாது, மைதானத்தின் பெஞ்சில் உட்காரக்கூடாது, சாமான் அறையோடு சரி என்றார்கள். அவர் வணக்கம் சொல்லிவிட்டு வந்து, வழக்கம்போல் சட்டைகளை ஊறவைத்தார்.

அடுத்த ஆட்டம் உள்ளூரில் நடந்தது. மூட்டை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் மனைவி, மறுபக்கம் மகள். கையில் சுமக்க எதுவும் இல்லாமல் அவருக்குக் கைகளை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. முழங்காலில் வைத்தார், மடியில் வைத்தார், கடைசியில் மகளின் குடையை வாங்கி வைத்துக்கொண்டார்.

அணி வரிசையாக வந்தது. ஒன்றாம் நம்பர் சட்டைக்குள் நெட்டை. பின்வரிசையில் யாரோ, "பதினொண்ணு! டேய் பதினொண்ணு!" என்று ஊளையிட்டார்கள். நெட்டை திரும்பிப் பார்க்காமல் கம்பத்தை நோக்கி நடந்தான்.

மனைவி அவர் காதருகே குனிந்தாள். "ஏங்க, இன்னிக்கு எத்தனை கோல் வாங்குவாரு?"

"எத்தனை வேணா வாங்கட்டும்," என்றார் மூட்டை, கண்ணை எடுக்காமல். "இனிமே அவன் வாங்கறது அவனோடது."

நடுவர் ஊதினார்.