பத்தாவது இடம்

இந்த ஊரில் மீனுக்குத் தலை கிடையாது. எங்கள் ஊர் ஜெகதாப்பட்டினத்தில் போய்ச் சொன்னால் கதை விடுகிறேன் என்பார்கள். ஆனால் ஆறு வருடமாக என் கண்ணால் பார்க்கிறேன். நார்வேயின் வடக்குக் கரையில் ஒரு மீன் ஆலையில் குளிர்சாதன மெக்கானிக் நான். ஜன்னலைத் திறந்தால் கடல், கடைக்குப் போனால் மீன். ஆனால் எல்லாம் சோப்புக்கட்டி மாதிரி வெள்ளை வெள்ளைத் துண்டுகள். முள்ளும் இல்லை, முகமும் இல்லை. வந்த புதிதில் கடைக்காரப் பெண்ணிடம் தலை கிடைக்குமா என்று கேட்டேன். அவள் கனிவாக, "பூனைக்கா?" என்றாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆமாம், பூனைக்குத்தான் என்று சொல்லிவிட்டேன்.

வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் இங்கரிட். எங்கள் ஆலையில் மீனின் தரம் பார்ப்பவர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். அடுத்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு காட் மீன் தலைகளைப் பையில் கட்டி என்னிடம் தந்துவிடுவார். ஒருநாள் பூனைக்கு என்ன பெயர் என்று கேட்டார். திடுதிப்பென்று கேட்டதில் வாயில் வந்தது "குழம்பு". அன்றிலிருந்து வாரம் தவறாமல் குசலம் விசாரிப்புதான். குழம்பு நன்றாக இருக்கிறதா, குளிரைக் குழம்பு தாங்குகிறதா. மூன்று மாதம் கழித்து, பூனையைப் பார்த்தே தீர்வேன் என்று வீட்டுக்கே வந்துவிட்டார். வேறு வழியில்லாமல் அடுப்பில் இருந்த சட்டியைத் திறந்து, "இதுதான் குழம்பு" என்று காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சோறு போட்டு ஊற்றச் சொல்லி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் சினேகம் அதுதான்.

எங்கள் ஆலையின் சாப்பாட்டு அறையில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. விடுமுறைக்குப் போகிறவர்கள் அதில் எழுத வேண்டும். பெயர், போகும் தேதி, இடம், திரும்பும் தேதி. பாதிப் பேர் ஸ்பெயின் என்று எழுதுவார்கள். மீதிப் பேர் ஹித்தே என்று எழுதுவார்கள். மலையிலோ தீவிலோ அவரவருக்கு இருக்கிற மரவீட்டுக்கு அப்படிப் பெயர். என் பெயருக்கு நேரே மட்டும் ஆறு வருடமாக ஒன்றும் கிடையாது. விடுமுறையை எடுத்துக்கொண்டு அறையிலேயே கிடப்பேன். டிக்கெட் எடுக்க வசதியில்லாமல் இல்லை. என் அப்பா என்னை வரச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அப்பா விசைப்படகில் போனவர். எனக்குப் பத்தொன்பது வயதில், எல்லை தாண்டியதாகச் சொல்லி அவர் போன படகைக் கடலில் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு மாதம். அம்மா சோறு பொங்கினாலும் தொண்டையில் இறங்காது. தெருவில் எவர் வீட்டுப் போன் அடித்தாலும் நாங்கள் ஓடுவோம். ஒருவழியாகத் திரும்பி வந்த மனுஷன் ஒரு வாரம்கூட வீட்டில் இருக்கவில்லை. "நாளைக்குக் கடலுக்குப் போறேன். நீயும் வாடா" என்றார். நான் மாட்டேன் என்றேன். ஜென்மத்துக்கும் படகில் கால் வைக்க மாட்டேன் என்றேன். தஞ்சாவூரில் டிப்ளமா படித்தேன், ஐஸ் பிளாண்டில் வேலை பார்த்தேன், இந்த வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று வாசலில் நின்று, "போயிட்டு வாரேன்ப்பா" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"போறேன்னு சொல்லு" என்றார்.

"ஏங்க, புள்ள கெளம்புற நேரத்துல என்ன பேச்சு இது?" என்று அம்மா பதறினார்.

எங்கள் பக்கத்தில் கடைக்குப் போகிறவன்கூட 'போறேன்' என்று மொட்டையாகச் சொல்ல மாட்டான். ஆனால் எனக்கும் வீம்பு. "போறேன்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கினேன். அதற்குப் பிறகு அப்பா போனில் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் அவரைக் கூப்பிடச் சொன்னதில்லை. 'பக்கத்துலதான் இருக்காரு' என்று அம்மா சொல்லுவார். அவர் இருமுவது எனக்குக் கேட்கும்.

போன மார்கழியில் இங்கரிட் இந்தியாவுக்குப் பயணத் திட்டம் போட்டார். "புத்தகத்தில் உள்ள இடமெல்லாம் வேண்டாம். உனக்குப் பிடித்த பத்து இடம் எழுதிக் கொடு" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினேன். கந்தர்வக்கோட்டைப் பக்கம் ரோட்டோரத்தில் முந்திரி வறுக்கும் இடத்தை முதலில் போட்டேன். பஸ் ஜன்னல் வழியாக அந்தப் புகை உள்ளே வந்தால் தூங்குகிறவனும் எழுந்து உட்காருவான். அடுத்து ஆவுடையார்கோவில். அங்கே சாமிக்கு உருவம் கிடையாது, வடித்த சோற்றைக் கல்மேடையில் கொட்டி அதன் ஆவியைத்தான் படைப்பார்கள். சிற்பத்தை அண்ணாந்து பார்க்கிறவர்கள் பார்க்கட்டும், நீ அந்த நேரத்துக்குப் போ என்று எழுதினேன். நான் வேலை பார்த்த ஐஸ் பிளாண்டின் வாசலையும் போட்டேன். கட்டி உடைக்கும்போது தெறிக்கிற தூளும், ரோட்டில் ஓடுகிற குளிர்ந்த தண்ணீரும், செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நிற்கிற லோடுமேன்களும் எனக்கு எந்த அருவிக்கும் குறைந்ததில்லை. பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு டீக்கடை, கருவேலங்காட்டுக்குள் ஒரு ஐயனார், இப்படி இன்னும் சில. கடைசியாக எங்கள் கடல். அலை இல்லாத கடல் அது, பெண்கடல் என்போம். இடுப்பளவு தண்ணீரில் வெகுதூரம் நடந்துகொண்டே இருக்கலாம். இங்கே ஒரு எட்டு வைத்தால் ஆளை விழுங்கிவிடும்.

எழுதி முடித்து எண்ணிப் பார்த்தால் ஒன்பதுதான் இருந்தது. பத்தாவது எதுவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் ஊர் ஜெட்டியின், கடலுக்குள் நீளும் படகுத்துறையின், கடைசி முனை. மூட்டுவலியால் கடலுக்குப் போக முடியாமல், அப்பா இப்போது கிழிந்த வலைகளை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டு அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார் என்று அம்மா சொல்லியிருந்தார். அதை எழுதக் கை வரவில்லை. "ஒன்று குறைகிறதே" என்றார் இங்கரிட். "பத்தாவதை நீங்களே கண்டுபிடியுங்கள்" என்றேன்.

அவர் கையில் வீட்டுக்கு ஒரு பார்சல் கொடுத்தேன். இந்த ஊர்க் கருவாடு. மீன்காரன் வீட்டுக்குக் கருவாடு அனுப்பிய புத்திசாலி நானாகத்தான் இருப்பேன். உப்பே போடாமல் குளிர்காற்றிலேயே காயவைத்தது, விறகுக்கட்டை கணக்காக இருக்கும். அவர் எங்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்த அன்று அம்மா போன் செய்தார்.

"தம்பி, ஒங்க ஊரு அம்மா வந்திருக்காங்கடா. நல்லா சாப்புட்டாங்க. கொழம்பு கொழம்புன்னு கேட்டு வாங்கிச் சாப்புடுறாங்க. நீ குடுத்துவிட்டது கருவாடா, அம்மிக்கல்லா? உப்பு போடாம எப்புடிக் கெட்டுப்போகாம இருக்குன்னு மோந்து மோந்து பாத்தாரு."

"யாரும்மா?"

"வேற யாரு. இப்ப அந்தம்மாவ ஜெட்டிக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருக்காரு. இவருக்கு அவங்க பேச்சு தெரியாது, அவங்களுக்கு இவரு பேச்சு தெரியாது. என்னத்தப் பேசிக்கிறாங்களோ."

மூன்று வாரம் கழித்து இங்கரிட் திரும்பி வந்தார். முகமெல்லாம் வெயிலில் சிவந்திருந்தது. காப்பி நேரத்தில் போனைத் திறந்து வரைபடத்தைக் காட்டினார். என் ஒன்பது இடங்களிலும் சிவப்புக் குறி குத்தி, பெயர் எழுதி வைத்திருந்தார். பத்தாவது குறி கடலுக்குள் நீட்டிக்கொண்டு நின்றது.

"நீ எழுதாமல் விட்ட இடம். எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது" என்றார். "உன் அப்பா கடைசி முனைவரைக்கும் நடத்திக் கூட்டிப்போனார். கடலைக் காட்டினார், என்னைக் காட்டினார், வடக்கே எங்கேயோ கையை நீட்டினார். திரும்பத் திரும்ப அந்த இடத்தின் பெயரைச் சொன்னார். நான் எழுதிக்கொண்டு படித்துக் காட்டினேன். சரி சரி என்று தலையாட்டினார். ஆனால் உங்கள் ஊர்ப் பலகை எதிலும் அந்தப் பெயர் இல்லையே?"

போனை வாங்கிப் பார்த்தேன். ஆங்கில எழுத்தில் ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதியிருந்தார். வரச்சொல்லுங்க.

கீழே ஒரு படம். கைலி, தலையில் துண்டு, நீட்டிய கை. ஆறு வருடத்தில் அப்பா இவ்வளவு இளைத்துப்போயிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. அவர் முரட்டு மனுஷர். அதிகாரி வந்தாலும் வியாபாரி வந்தாலும் 'வாய்யா, போய்யா'தான். யாரிடமும் அவர் 'ங்க' போட்டுப் பேசி நான் கேட்டதே கிடையாது. முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், பாஷை புரியாத ஒரு ஆளிடம், எனக்காக 'ங்க' போட்டுக் கேட்டிருக்கிறார். அதுவும் திரும்பத் திரும்ப. எனக்கு அழுகை வந்துவிட்டது. இங்கரிட் பயந்துபோய், தப்பாக எழுதிவிட்டேனா என்று கேட்டார். இல்லை, எழுத்து சரியாகத்தான் இருக்கிறது என்றேன்.

வெளியே பனியில் நின்று வீட்டுக்குப் போன் செய்தேன். "அப்பாகிட்ட குடும்மா" என்றேன். அம்மா ஒன்றும் கேட்காமல் கொடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் இருமல்தான் கேட்டது.

"அந்தக் கருவாடு வேகவே மாட்டேங்குது" என்றார்.

"ரெண்டு நாளு தண்ணியில ஊறப்போடணும்ப்பா."

"ம்."

"வாரேன்ப்பா."

போனை வைக்கும்போது எல்லோரும் சொல்கிற சொல்தான் அது. இந்தத் தடவை வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை என்பது அவருக்குப் புரிந்திருக்கிறது. "எப்ப?" என்றார்.

இன்று காலை பலகையின் முன்னால் போய் நின்றேன். என் பெயருக்கு நேரே போகும் தேதியை எழுதினேன். இடம் என்ற கட்டத்தில், இங்கரிட் எழுதியிருந்தபடியே எழுத்துக்கூட்டி வரச்சொல்லுங்க என்று எழுதினேன். காப்பிக் கோப்பையோடு வந்த மேலாளர் அதைச் சிரமப்பட்டுப் படித்துவிட்டு, அது தீவா என்று கேட்டார். "இல்லை, அப்பா ஊர்" என்றேன். திரும்பும் தேதியை மறந்துவிடாதே என்று சொல்லிவிட்டுப் போனார். மணி அடித்துவிட்டது, எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள். ஊருக்குப் போவது, இங்கே வருவது, இந்த இரண்டு தேதிகளில் திரும்புவது எது என்று தெரியாமல், எழுதுகோலை மூடாமல் நின்றுகொண்டிருக்கிறேன்.