பௌர்ணமிக் கூட்டத்தில் பதினாறு அங்குல இசைத்தட்டு

போன மாதம் பௌர்ணமியன்று திருவண்ணாமலை போனேன், கிரிவலத்துக்கு அல்ல. அப்பாவின் பெட்டியில் பதினாறு அங்குல இசைத்தட்டு ஒன்று கிடைத்தது. அந்தக் காலத்தில் வானொலி நிலையத்தில் குரல் தேர்வுக்கு இப்படிப் பதிவு செய்வார்களாம். உறைமேல் பென்சிலில் அம்மாவின் பெயர். எனக்கு ஒன்றரை வயதில் அம்மா போய்விட்டாள். அறுபதைத் தாண்டியும் அவள் குரல் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

வீட்டிலிருக்கும் பிளேயரில் பன்னிரண்டு அங்குலத்துக்கு மேல் உட்காராது. பெரிய தட்டு ஓட்டும் இயந்திரம், ரமணாசிரமம் பக்கம் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஒலிப்பதிவாளர் பாஸ்கரிடம் இருக்கிறது. போனிலேயே பயமுறுத்தினார்: "மேல்பூச்சு வெடிச்சிருந்தா ஒரே தடவதாங்க. ஊசி பட்ட எடம் உரிஞ்சு வந்துடும். பௌர்ணமி கழிச்சு வாங்களேன்." எனக்குப் பொறுக்கவில்லை.

காலை 5.30க்கு கிளாம்பாக்கத்தில் பஸ். ஏறக்குறைய 165 கிலோமீட்டர், நான்கரை மணி நேரம். தட்டை அட்டைப்பெட்டியில் வைத்து மடியில் நிறுத்திப் பிடித்திருந்தேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் மடியிலிருந்து தூக்கிப் பிடித்தேன். ஊருக்கு வெளியிலேயே இறக்கிவிட்டார்கள். ஆட்டோவுக்கு 150 ரூபாய், அதுவும் பாதி வழிதான்.

"இதுக்கு மேல வண்டி உடமாட்டாங்கம்மா. ரெண்டு கிலோமீட்டர்தான், நடந்துடுங்க" என்றார் டிரைவர்.

கூட்டம் நாலாபக்கமும் இடித்தது. அட்டைப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழாத குறையாக நின்றேன். பக்கத்தில் வந்த ஒரு பெண், "உள்ள சாமி படமாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்று கூசாமல் சொன்னேன். "தள்ளுங்க, சாமி வருதுல்ல!" என்று அவள் போட்ட சத்தத்தில் வழி கிடைத்தது.

பாஸ்கர் உறையைப் பிரித்தார். கறுப்புப் பூச்சு காய்ந்த ஏரியாக வெடித்திருந்தது. "என்னங்க, வெக்கட்டுமா?" என்றார். வேண்டாம் என்று வாய்வரை வந்துவிட்டது. கேட்காதவரை அம்மா அதற்குள் பத்திரமாக இருப்பாள். வையுங்கள் என்று தலையாட்டினேன்.

ஓரத்தில் ஊசி வைத்தார். வெறும் இரைச்சல். அவர் முகத்தைப் பார்த்தேன். "பயப்படாதீங்க, இது உள்ளேர்ந்து வெளிய ஓடற ரகம்" என்று ஊசியை நடுப்பக்கம் மாற்றினார்.

ஒல்லியான குரல். என் சாயல் துளியும் இல்லை. என்னைவிட அதிகமாகப் பயந்திருந்தது. நான்கு வரி பாடித் தடுமாறி நின்றது. "தப்பாயிடுச்சுங்க. முதல்லேர்ந்து பாடட்டுமா?" உடனே ஓர் ஆண் குரல்: "வேணாம்மா, போதும்."

அவ்வளவுதான், 48 விநாடி. ஊசிக்குப் பின்னால் பூச்சு சுருள் சுருளாக உரிந்து கிடந்தது. இனி அந்தத் தட்டு ஓடாது. நல்லவேளை, ஓடும்போதே பாஸ்கரின் கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்தது.

இப்படித் தட்டு வைத்திருப்பவர்கள் துணி போட்டுத் துடைக்காதீர்கள், படுக்கவைத்து அடுக்காதீர்கள், பௌர்ணமியன்று கிளம்பாதீர்கள். முதல் ஓட்டத்திலேயே பதிவு செய்யச் சொல்லுங்கள்.

வீட்டில் அந்தப் பதிவைத் தினமும் போட்டுக் கேட்கிறேன். "முதல்லேர்ந்து பாடட்டுமா?" என்று அவள் கேட்டதும் நிறுத்திவிடுவேன். "பாடும்மா" என்று சொல்லிவிட்டு, முதலிலிருந்து போடுவேன்.